சமையலறை ஜன்னலில் பச்சை விளக்கு

கிறைஸ்ட்சர்ச்
அக்டோபர் 24

அன்புள்ள மெரெ,

நீ போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம். இதைப் பற்றி மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினாலும் அலுவலகத்துக்குக் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று எனக்கு உத்தரவு. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். சாலை முனையில் இருக்கும் உன் தபால் பெட்டியில் இது எத்தனை நாள் கிடந்தாலும் எனக்குச் சம்மதம்.

டூகலைப் புதைத்த அன்று கல்லறை வாசலில் நீ என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "உன் பொட்டி வாயத் தொறக்கல, ஐல்சா." உன் சொந்தக்காரர்கள் உங்கள் வழக்கப்படி பாடி அழுதுகொண்டிருந்தார்கள், எங்கள் ஆட்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். அவன் உனக்குக் கணவன் என்றால் எனக்கு இருந்த ஒரே அண்ணன், அதையாவது அப்போது சொல்லியிருக்கலாம்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே என் கணக்கு நோட்டைப் பார்த்தால் உனக்குத் தலைவலி வரும். இப்போது கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி.

டூகல் மார்பில் மாட்டியிருந்த பெட்டி தீப்பெட்டி அளவுதான். அதற்குக் கண் இல்லை, காது இல்லை. சாய்ந்தது, ஆடியது, நின்றது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். மற்றதை எல்லாம் பெட்டியைச் செய்கிறவர்கள் முன்கூட்டியே யோசித்துச் சொல்லிவைக்க வேண்டும். அதற்காக ஒரு படம் வரைவோம். நடுவில் பெட்டி. சுற்றிலும் அதைத் தொடக்கூடிய எல்லாம்: ஓட்டுகிறவன், பைக், சரிவு, மழை, நாய், வேலிக்கதவு, மேலே போகும் செயற்கைக்கோள், வீட்டில் இருக்கும் ஆள். எது பெட்டியை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போடுவோம். சூழல் படம் என்று அதற்குப் பெயர். படத்தில் இல்லாத எதுவும் பெட்டியைப் பொறுத்தவரை உலகத்திலேயே கிடையாது. அந்தப் படத்தை வரைந்தவள் நான்.

பைக் கவிழ்ந்து, ஓட்டியவன் அசையாமல் கிடந்தால், பெட்டி தானாகவே உன் சமையலறை ஜன்னலில் இருக்கும் விளக்கைச் சிவப்பாக்க வேண்டும். உதவிக்கு வருகிறவர்களையும் கூப்பிட வேண்டும். ஓட்டியவனே அழுத்தினாலும் கூப்பிடும், அதற்கு ஒரு பொத்தான் உண்டு. எதுவும் நடக்கவில்லை. ஏன் என்பது அதற்குள் பதிவாகியிருக்கும். படிக்கிற கருவி எங்களிடம்தான் இருக்கிறது. அவன் உடைகளோடு பெட்டியையும் உன்னிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதை எனக்கு அனுப்புவாயா?

ஐல்சா

*

டன்லோக் பண்ணை
நவம்பர் 3

ஐல்சா,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. பெட்டியை அனுப்ப மாட்டேன்.

அன்று என்ன நடந்தது என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை. பெட்டியிடம்தான் கேட்கப்போகிறாய். நானே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பெட்டி வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலைத் தேநீருக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை என்றால் நான் பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பாதி நாள் பக்கத்துப் பண்ணை நெவிலோடு வேலியில் சாய்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பான். என்னைப் பார்த்ததும் "வந்துட்டாய்யா போலீஸ்காரி" என்பான். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் மறுநாள் கிளம்புவேன். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான்.

பெட்டியை மாட்டியதும் அவன் சொன்னான்: "இனிமே நீ அலைய வேணாம். பச்சை எரிஞ்சா நான் நல்லாருக்கேன்னு அர்த்தம். எந்தங்கச்சி செஞ்சது, பொய் சொல்லாது."

அன்று பனியைக் கொண்டுவரும் தெற்குக் காற்று. பனிமழை. தாயாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. அவன் பின்மேட்டுக்குப் போனான். தேநீர் நேரம் தாண்டியது. விளக்கைப் பார்த்தேன், பச்சை. சீஸ் ரோல் செய்திருந்தேன், இரண்டைத் தின்றுவிட்டு அவனுடையதை அடுப்புக்குள் வைத்தேன். உருளைக்கிழங்கு தோல் உரித்தேன். பச்சை. மதியத்துக்கு மேல் மோஸ் தனியாக ஓடிவந்து கதவைப் பிராண்டியது. வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டது என்று அந்த நாயைத் திட்டினேன். திட்டிக்கொண்டே விளக்கைப் பார்த்தேன். பச்சை. மோஸ் என் கால்சட்டையைக் கடித்து இழுத்த பிறகுதான் டிரக்கை எடுத்தேன்.

கவிழ்ந்த உடனே உயிர் போய்விடவில்லை, நேரம் இருந்தது என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் என்று சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன்.

அவன் மேட்டிலிருந்து எடுத்துவந்துகொண்டிருந்த ஆட்டுக்குட்டி மட்டும் பிழைத்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஆப்பிள் பெட்டியில் படுத்திருக்கிறது. புட்டிப்பால் குடித்துவிட்டு என் கையை முட்டுகிறது. அவன் கடைசியாக எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். உனக்கு உன் பெட்டி வேண்டுமாம். எனக்கு அவன் வேண்டும், யாரிடம் எழுதிக் கேட்பது?

மெரெ

*

கிறைஸ்ட்சர்ச்
நவம்பர் 12

அன்புள்ள மெரெ,

மோஸ் வந்து கதவைப் பிராண்டியது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நாய் இருக்கிறது. "பெட்டியைக் கடிக்கலாம், நனைக்கலாம்" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாய்க்கு நான் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

கோபப்படு, பரவாயில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு கோபப்படு. நேற்று அலுவலகத்தில் கூட்டம். என் மேலாளர் கேமரன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அவரு பொட்டிய மாட்டியிருக்கவே மாட்டாரு. ஹேண்டில்ல தொங்க விட்டிருப்பாரு. பண்ணக்காரங்க எல்லாம் அப்பிடித்தான், கோட்ட கழட்டி மாட்ட சோம்பேறித்தனம்." அவர் என் அண்ணன் என்றேன். "அதனாலதான் ஐல்சா, நீ இதுல தலையிடாம இருக்கறது நல்லது" என்றார். அறிக்கையில் அப்படியே எழுதப்போகிறார்கள். டூகல் பெட்டியை அணியவில்லை, அவன் தவறு, விஷயம் முடிந்தது.

நெவில் அதே பெட்டியைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். உன் பள்ளத்தாக்கில் மட்டும் இல்லை, மேட்டுப் பண்ணைகள் பலவற்றில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் பச்சை விளக்கு எரிகிறது. டூகல் விஷயத்தில் பெட்டி ஏன் சும்மா இருந்தது என்று தெரியாதவரை அந்தப் பச்சைகளில் எது மெய் என்று எனக்குத் தெரியாது. எனக்காகக் கேட்கவில்லை மெரெ.

ஐல்சா

*

டன்லோக் பண்ணை
நவம்பர் 25

ஐல்சா,

ஹேண்டிலில் தொங்கவிட்டானாம்! அந்தக் கேமரனை ஒரு நாள் இங்கே அனுப்பிவை. தெற்குக் காற்றில் பின்மேட்டில் நிற்கவைக்கிறேன், கோட்டைக் கழற்றச் சோம்பேறித்தனம் யாருக்கு என்று பார்க்கலாம்.

பெட்டி இத்துடன் இருக்கிறது. கிறிஸ்துமஸ் கேக் டின்னில் வைத்து, கம்பளியால் பொதிந்து அனுப்புகிறேன். கோட்டின் உள்பையில், நீ காட்டிக்கொடுத்த இடத்தில்தான் இருந்தது. ஒருநாள் கூட அதை மாட்டாமல் அவன் பைக்கில் ஏறியதில்லை. ஆட்டுச் சந்தையில் ஆட்டைக் காட்டுவதற்கு முன்னால் இதைக் காட்டுவான். "எந்தங்கச்சி மூளை இது. பாத்துக்கோ, தொடாத." உனக்கு இது தெரியாது. உங்கள் அப்பா பண்ணையை அவன் பேருக்கு எழுதிவைத்ததிலிருந்து நீ வருஷத்துக்கு ஒரு தடவை, வெயில் காலத்தில், விருந்தாளி மாதிரி வந்துபோனாய். அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ வரும் அன்று மட்டும் முகச்சவரம் செய்துகொள்வான்.

கோட்டை அனுப்பமாட்டேன். பெட்டியை எடுப்பதற்காகப் பொத்தானைத் திறந்தேன், எடுத்ததும் திரும்பப் போட்டுவிட்டேன். பின்வாசல் கொக்கியில் மாட்டியிருக்கிறது.

குட்டி வளர்ந்துவிட்டது. பெண்குட்டி. என் ரப்பர் பூட்ஸில் ஒன்றை மென்று தீர்த்துவிட்டது. மோஸோடு சேர்ந்து துணி துவைக்கும் அறையில் தூங்குகிறது. நெவிலின் பைக் சத்தம் கேட்டால் போதும், டூகல்தான் வருகிறான் என்று வேலிவரை ஓடுகிறது. நெவில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. எனக்குப் பைத்தியம் என்று ஊரில் பேசுகிறார்களாம். பேசட்டும். காலையில் புட்டிக்காக அது கத்தாவிட்டால் நான் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டேன்.

ஒரே நிபந்தனை. காரணம் தெரிந்ததும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் பிறகுதான் உன் ஆபீசுக்கு. புரிகிற வார்த்தையில் சொல். எதையும் மறைக்காதே.

மெரெ

*

கிறைஸ்ட்சர்ச்
டிசம்பர் 18

அன்புள்ள மெரெ,

பெட்டி பத்திரமாக வந்தது. டின்னின் ஓரத்தில் கேக் துகள் ஒட்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே அவன் திருடித் தின்ன ஆரம்பித்துவிடுவானே, நீ கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்துவாயே, அந்த நினைப்பு வந்துவிட்டது.

டூகல் அதை அணிந்துதான் இருந்தான். பதிவில் சந்தேகமே இல்லாமல் தெரிகிறது. கேமரனிடம் காட்டினேன். அவர் எழுதியதை அடித்துவிட்டார். இனி அவன் பெயரில் யாரும் பழி போட முடியாது.

மற்றதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிறையப் பதிவுகள் இருக்கின்றன, பொறுமையாகப் பார்க்க வேண்டும். இங்கே வெயில் கொளுத்துகிறது. அலுவலகத்தில் பாதிப் பேர் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். உன் அண்ணன் தீவிலிருந்து வழக்கம்போல் உப்பிட்ட கடற்பறவைக் கறி அனுப்பினானா? இந்த வருஷம் நீ தனியாகச் சாப்பிட வேண்டாம், நெவில் வீட்டுக்குப் போ.

சாதாரண விஷயம் ஒன்று கேட்க வேண்டும். நீ போய்ப் பார்த்தபோது குட்டி எங்கே இருந்தது? அவனுக்குப் பக்கத்திலா?

ஐல்சா

*

டன்லோக் பண்ணை
ஜனவரி 4

ஐல்சா,

நீ வெயிலைப் பற்றி எழுதினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பள்ளியில் என் பேனாவை உடைத்த அன்றும் இப்படித்தான் மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

குட்டி பக்கத்தில் இல்லை. கோட்டுக்குள் இருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்டு, அதன் தலை மட்டும் அவன் தாடைக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எங்கே வைப்பான்? குளிரில் விறைத்துப்போன குட்டியை இங்கே எல்லோரும் எங்கே வைப்பார்கள்? நீயே ஒரு தடவை பள்ளிப் பேருந்தில் கோட்டுக்குள் குட்டியை ஒளித்துக்கொண்டு வந்து, வகுப்பில் அது கத்தி, நாம் இரண்டு பேரும் வெளியே நின்றோம். மறந்துவிட்டதா?

பைக் அவன் இடுப்பிலும் வலது கை மேலும் கிடந்தது. இடது கையைக் கோட்டின் மேலே வைத்துக் குட்டியின் முதுகை அணைத்துக்கொண்டிருந்தான். நான் பொத்தானைத் திறந்தபோது குட்டி சூடாக இருந்தது. அவன் சூடாக இல்லை.

இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது நீ சொல். குட்டியைப் பற்றி ஏன் கேட்டாய்?

மெரெ

*

கிறைஸ்ட்சர்ச்
ஜனவரி 15

அன்புள்ள மெரெ,

பாட்டரி தீர்ந்துவிட்டது என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்தேன். செயற்கைக்கோள் மலைக்குப் பின்னால் போய்விட்டது என்று ஒன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். மறைக்காதே என்று நீ கேட்டிருக்காவிட்டால் அதில் ஒன்றைத்தான் அனுப்பியிருப்பேன்.

பைக் கவிழ்ந்ததைப் பெட்டி உடனே கண்டுகொண்டது. கண்டதும் அது கத்தாது. ஆள் எழுந்துவிட்டானா என்று கொஞ்சம் காத்திருந்து பார்க்கும். மார்பில் அசைவு இருந்தால், எழுந்துவிட்டான், பிரச்சினை இல்லை என்று விட்டுவிடும்.

அப்படிச் சொல்லிவைத்தது நான். போன ஜனவரியில் நான் அங்கே வந்து அவனோடு சுற்றியது உனக்கு ஞாபகம் இருக்கும். சரிவில் பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு வேலிக் கம்பிக்கு அடியில் படுத்து முறுக்குவான், பெட்டி அலறும். ஓடைக்குள் இறங்குவான், அலறும். நீ இரண்டு தடவை டிரக்கில் ஓடிவந்தாய். "உன் பொட்டிக்கு எதுக்கெடுத்தாலும் பயம், ஐல்சா. கொஞ்சம் தைரியம் சொல்லிக்குடு" என்றான். அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பதிவில் இரண்டு அசைவுகள் இருக்கின்றன. அடியில் ஒன்று, மெதுவாக ஏறி இறங்குகிறது. அது அவன் மூச்சு. அதற்கு மேலே இன்னொன்று, சின்னச் சின்ன உதைகள். கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடியும் உதைக்கும். பெட்டி ஒவ்வொரு தடவையும் காத்திருந்து கூப்பிடப்போகும் நேரத்தில் ஓர் உதை வருகிறது. அது விட்டுவிடுகிறது. மனிதன் இப்படி அசையமாட்டானே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் அந்தப் பள்ளிப் பேருந்து ஞாபகம் வந்தது. உனக்கு எழுதிக் கேட்டதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, மெரெ. இல்லை என்று நீ சொல்லமாட்டாயா என்றுதான் கேட்டேன்.

அடியில் இருந்த அசைவு நின்ற பிறகும் மேலே உதை இருந்தது. உன் ஜன்னலில் பச்சை எரிந்ததற்கு அதுதான் காரணம்.

என் படத்தில் "ஓட்டுகிறவன்" என்று ஒரு வட்டம் இருக்கிறது. ஒரு வட்டம், ஓர் உடம்பு. கோட்டுக்குள் இன்னோர் உயிர் இருக்கலாம் என்று நான் வரையவில்லை. ஜனவரிக் கோடையில் எந்தப் பண்ணைக்காரன் கோட்டு போடுகிறான், எவன் குட்டியைச் சுமக்கிறான்? குட்டிபோடும் காலத்தில் வந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். நான் அந்தப் பண்ணையில் பிறந்தவள், எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்றேன். அந்தக் காலத்தில் அங்கே வந்து அவனோடு வேலை செய்ய எனக்கு இஷ்டம் இல்லை. பண்ணைக் கோபம் எனக்கு இன்னும் போயிருக்கவில்லை.

குட்டியின் மேல் கோபப்படாதே. அதற்கு என்ன தெரியும்.

நாளை காலை கேமரனிடம் எல்லாவற்றையும் கொடுக்கிறேன். நீ கேட்டபடி உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறேன்.

ஐல்சா

*

டன்லோக் பண்ணை
மார்ச் 20

ஐல்சா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. படித்துவிட்டுச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். எத்தனையோ தடவை எடுத்தேன், வைத்தேன்.

அன்று சாயங்காலம் குட்டி புட்டிக்காக வந்து முட்டியது. பாலைக் கலக்கிவிட்டேன், கொடுக்கக் கை வரவில்லை. அது கத்தக் கத்த நின்றுகொண்டிருந்தேன். பிறகு புட்டியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். நான் திரும்பி வந்தபோது மோஸ் புட்டியை நக்கிக்கொண்டிருந்தது, குட்டி என் செருப்பின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம் கறிக்கூடத்து லாரி வந்தது. "இதையும் ஏத்திடவா?" என்று டிரைவர் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதை மந்தையில் விட்டேன். எல்லாவற்றையும் போல அதுவும் ஓர் ஆடு, எது அது என்று எனக்குத் தெரியாமல் போகட்டும் என்று நினைத்தேன். தெரியாமல் போகவில்லை. பைக்கைக் கிளப்பினால் மந்தையிலிருந்து அது ஒன்று மட்டும் ஓடிவருகிறது. அதனால் நான் இப்போது பைக்கை எடுப்பதில்லை. மேட்டுக்கு நடந்துதான் போகிறேன்.

குட்டியின் மேல் கோபப்படாதே என்று எழுதியிருக்கிறாய். இல்லை. உன் மேலும் பாதிதான். நீ வெயிலில் வந்தாய், வெயிலில் பார்த்ததை வரைந்தாய். அவன் இருந்தபோதே நான் இதை உன்னிடம் சொல்லிச் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

நீ எழுதாமல் விட்ட ஒன்றை நான் எழுதுகிறேன். பெட்டியின் பொத்தான். அவன் இடது கை சும்மாதான் இருந்தது. கோட்டுக்குள் விட்டு அழுத்தியிருக்கலாம். ஏன் அழுத்தவில்லை என்று நீயும் யோசித்திருப்பாய், எனக்கு எழுதப் பயந்திருப்பாய். எனக்குத் தெரியும், ஐல்சா. பைக் கவிழ்ந்துவிட்டது, பெட்டி தானாகவே சொல்லியிருக்கும், மெரெ டிரக்கை எடுத்திருப்பாள், அதுவரைக்கும் குட்டி குளிராமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு கிடந்தான். நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே கிடந்தான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். உன் படத்தில் நான் எங்கே இருந்தேன்?

மெரெ

*

கிறைஸ்ட்சர்ச்
மே 8

அன்புள்ள மெரெ,

படத்தின் வலது ஓரத்தில் இருந்தாய். சின்னக் கட்டம். "வீட்டில் இருப்பவர்: செய்தியைப் பெறுவார்." பெட்டியிலிருந்து உன்னை நோக்கி ஒரு கோடு வருகிறது. உன்னிடமிருந்து எங்கும் எந்தக் கோடும் போகவில்லை. தேநீருக்கு வராவிட்டால் டிரக்கை எடுத்துக்கொண்டு போவாள் என்று எங்கும் இல்லை. பெட்டிக்கு முன்பு அவனைக் காத்துக்கொண்டிருந்தது நீ. அந்த வேலையை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு உன்னை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டேன். நீ கேட்ட பிறகுதான் இது எனக்கே தெரிந்தது. மேசையில் தலையை வைத்து அழுதேன். கேமரன் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அவர் நான் நினைத்த அளவு மோசமில்லை. எல்லாப் பெட்டிகளையும் திரும்ப வாங்கிவிட்டோம். எந்த ஜன்னலிலும் இப்போது பச்சை இல்லை. நெவில் தன்னுடையதை அனுப்பும்போது ஒரு சீட்டு வைத்திருந்தார். "எம்பொண்டாட்டி மறுபடியும் தேட வர ஆரம்பிச்சிட்டா. தொல்ல. நன்றி." படித்துவிட்டுச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

புதிதாக வரைகிறேன். கோட்டுக்குள் ஓர் இடம் விட்டிருக்கிறேன், குட்டிக்கு. மார்பில் அசைவு இருக்கிறது என்பதற்காக இனி பெட்டி சும்மா இருக்காது. ஆள் தானே பொத்தானைத் தொட்டு "இருக்கிறேன்" என்று சொன்னால்தான் விடும், தொடாவிட்டால் கூப்பிடும். பச்சை விளக்கை எடுத்துவிட்டேன். நல்லாயிருக்கிறான் என்று சொல்லும் தகுதி எந்தப் பெட்டிக்கும் இல்லை. சிவப்பு மட்டும்தான் இருக்கும். சிவப்பு வராத நேரத்தில் விளக்கு அணைந்தே கிடக்கும், வீட்டில் இருப்பவர் வழக்கப்படி போய்ப் பார்க்கட்டும். உன் கட்டத்தை நடுவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறேன்.

குட்டிபோடும் காலத்தைக் கண்ணால் பார்க்காமல் இந்தப் படத்தை முடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு எத்தனையோ பண்ணைகள் இருக்கின்றன. நீ வேண்டாம் என்றால் வேறு எங்காவது போகிறேன். ஆனால் உன்னிடம் கேட்காமல் போனால் அது மறுபடியும் பழைய கதைதான்.

பொத்தானைப் பற்றி நீ எழுதியது சரி. நான் பயந்துதான் எழுதவில்லை.

ஐல்சா

*

டன்லோக் பண்ணை
செப்டம்பர் 17

ஐல்சா,

குளிர்காலம் முழுக்க உனக்குப் பதில் எழுதவில்லை. வா என்று எழுத மனம் வரவில்லை, வராதே என்றும் எழுத வரவில்லை. இன்று எழுத வேண்டியிருக்கிறது.

குட்டிபோடும் காலம் ஆரம்பித்துவிட்டது. காலையில் பனி பெய்தது. பின்மேட்டுக்கு நடந்து போனேன். ஓடைக்குப் பக்கத்தில் ஒரு தாயாடு செத்துக் கிடந்தது. குட்டி உயிரோடு இருந்தது. வாயில் விரல் விட்டுப் பார்த்தேன், உள்ளேகூடக் குளிர்ந்துபோயிருந்தது. ஆனால் சப்பியது. பிழைக்கக்கூடிய குட்டி. என் கோட்டின் பொத்தானில் கை வைத்தேன். பொத்தான் திறக்கவில்லை. விரல் விறைத்துவிட்டது என்று நினைத்தேன். விரலுக்கு ஒன்றுமில்லை, என்னால்தான் முடியவில்லை. உள்ளே வைத்தால் அது உதைக்கும். அந்த உதை என் மார்பில் படும்.

கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன், உடம்பில் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு. "இரு, இரு, வந்தாச்சு" என்று அதனிடம் பேசிக்கொண்டே வந்தேன். மோஸ் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கூடவே வந்தது. பைக்கை எடுத்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம். வேலிக்கு வரும்போது அது சப்புவதை நிறுத்திவிட்டது. வீட்டுக்குள் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்தேன். ரொம்ப நேரம் தேய்த்தேன்.

அது எனக்கு எதிரிலேயே கிடக்கிறது, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டூகலாக இருந்தால் இது செத்திருக்காது. இதையும் உன் படத்தில் எங்காவது வரைந்துவை. பெட்டிக்குப் பிறகு அந்த வீட்டில் இருப்பவளுக்குக் கோட்டைத் திறக்க முடியாமல் போய்விட்டது என்று.

நாளைக்கும் பனி என்கிறார்கள். பின்மேட்டில் இன்னும் பாதி மந்தை குட்டி போடவில்லை. போன வருஷத்துக் குட்டியும் அங்கேதான் நிற்கிறது, பைக் சத்தத்துக்குக் காதைத் தூக்கிக்கொண்டு.

கிளம்பி வா. வேடிக்கை பார்க்க வர வேண்டாம், வேலைக்கு வா. பெட்டியை எடுத்துவராதே. உன் நகரத்துக் கோட்டு இந்தக் காற்றுக்கு ஆகாது. அவனுடையது பின்வாசல் கொக்கியில் இருக்கிறது, உனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நான் போட்ட பொத்தான் போட்டபடியே இருக்கிறது. நீ வந்து திற.

மெரெ